கடைசி இரண்டு எண்கள்

வலது கை காதுக்கு மேலே எழும்பவில்லை. சனிக்கிழமை இரண்டு லாரி சிமென்ட் இறக்கியிருந்தோம், ஆளுக்கு இருநூறு மூட்டைக்குக் குறையாது. தோள்பட்டையில் யாரோ ஆணி அடித்துவிட்டு அதைப் பிடுங்க மறந்துவிட்டதைப் போல இருந்தது. சட்டையை மாட்டவே மனைவி கையைப் பிடித்து நுழைக்க வேண்டியிருந்தது.

"இந்த லட்சணத்துல ராக்கெட் சங்கத்துக்கு வேற போகணுமா?" என்றாள்.

போகவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். கேட்டால் எதையாவது சொல்ல வேண்டும். போய் வாயை மூடிக்கொண்டு உட்காருவதே மேல் என்று கிளம்பினேன்.

எங்கள் சங்கம் என்பது ஆறு பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்குவாரிக்குப் பக்கத்துப் பொட்டலில் ராக்கெட் விடுவோம். அடுத்த ஞாயிறு என் மச்சினனின் டயர் கடையில் உட்கார்ந்து பேசுவோம். யார் என்ன செய்தார்கள், எது எவ்வளவு உயரம் போனது, எது மூக்கு உடைந்து விழுந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். உடைந்ததையும் மேஜைமேல் வைக்க வேண்டும். தொலைந்துபோனதற்கு, விடும் முன் சோதித்துக் கையெழுத்துப் போட்ட அதன் அட்டையை வைக்க வேண்டும். என்னிடம் அந்த வாரம் இருந்தது அட்டை மட்டும்தான்.

என் ராக்கெட்டை எல்லாரும் மூட்டை என்பார்கள். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் மெல்லிய காகிதக் குழலில் செய்வார்கள், நான் துணி சுற்றி வரும் கெட்டி அட்டைக் குழலில் செய்வேன். அந்தக் குழல் எங்கள் சங்கத்து டெய்லர் அக்காவின் கடையிலிருந்து வருகிறது. மூக்கு கடைசல் மரம், உள்ளே எடைக்குக் களிமண். அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். போன ஞாயிறு அது நேராகத்தான் மேலே போனது. புகைக்கோடு முடிந்தது. ஐந்து எண்ணினோம். அந்த ஐந்தில், மோட்டார் என்று நாங்கள் சொல்லும் மருந்துக்குழாயின் மேல்பக்கத்தில் இருக்கும் சிறு மருந்து வெடித்து மூக்கைத் தள்ளி, பாராசூட்டை வெளியே துப்ப வேண்டும். ஆறு எண்ணினோம். ஏழு. எட்டில் ஒரு சீழ்க்கைச் சத்தம் மட்டும் கேட்டது. கால்வாய்க்கு அந்தப் பக்கம், மரங்களுக்குப் பின்னால் இறங்கிப் போய் நின்றுவிட்டது.

கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஒரு மணி நேரம் தேடினோம். அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் பாலம் சுற்ற வேண்டும். வெயில் ஏறிவிட்டது. "ஃபோன் நம்பர் எழுதியிருக்கீங்கல்ல? எவனாவது எடுத்துக் கூப்பிடுவான்" என்றார்கள். அது எங்கள் வழக்கம். குழலின் நீளவாக்கில், வாலிலிருந்து மூக்கு வரை, கொட்டை எழுத்தில் எண்ணை எழுதிவிடுவோம்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து மோட்டார் டப்பாவைத் திறந்தேன். ஐந்து விநாடி மோட்டார் மூன்று வாங்கியிருந்தேன். மூன்றும் இருந்தன.

எண்ணிப் பார்த்தேன். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி மறுபடி எண்ணினேன். மூன்று.

என் மச்சினன் இறக்கை வைத்த விமானம் ஒன்று செய்கிறான். அதற்கு மேல்பக்கம் அடைத்த மோட்டார் வேண்டும், அதில் வெடிக்கிற மருந்து கிடையாது. அவனுடையதில் இரண்டை என் டப்பாவில் போட்டு வைத்திருந்தான். அதே அளவு, அதே நிறம். ஒட்டியிருக்கும் தாளில் கடைசியாக என்னுடையதில் 5 என்று இருக்கும், அவனுடையதில் P என்று இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். டப்பாவில் P போட்டது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

ஆக, நான் மேலே அனுப்பியது பாராசூட் திறக்கவே முடியாத ஒரு ராக்கெட். அரைக் கிலோ மரமும் களிமண்ணும், முந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து, மூக்கு கீழே பார்த்து.

அன்றிலிருந்து ஃபோன் அடித்தால் எடுக்கவே பயம். குடோனில் சூப்பர்வைசர் கூப்பிட்டாலும், சீட்டுக்காரர் கூப்பிட்டாலும், திரையைப் பார்க்கும் முன்பே ராக்கெட்டைப் பற்றித்தான் என்று தோன்றும். பேப்பரில் எங்கள் பக்கத்துச் செய்தியை வரி விடாமல் படித்தேன். செவ்வாய்க்கிழமை கால்வாய்ப் பக்கம் போகலாம் என்று சைக்கிளை எடுத்தேன். பாலம் வரை போய் நின்றேன். அந்தப் பக்கம் புதிதாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே வரிசையாக ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள், வேலைக்காரர்களின் குடியிருப்பு. போன வருஷம் அங்கே ஒன்றும் இல்லை. நாங்கள் யாரும் ஒரு வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு டயர் கடைக்கு நான் போனபோது லிஃப்ட்காரர் ஆரம்பித்துவிட்டிருந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். தினமும் ஆளை மேலே ஏற்றி இறக்குகிறவர் என்பதால், ராக்கெட்டைப் பற்றித் தனக்குத்தான் முழுசாகத் தெரியும் என்பது அவர் நினைப்பு.

"ரெண்டு அடுக்கு. கீழ் அடுக்கு கழண்டுச்சு பாருங்க, அடடா! மேல் அடுக்கு பத்திக்கிட்டு போச்சு பாருங்க..."

"எங்க போச்சு?" என்றான் மச்சினன்.

"அது போச்சு."

"அதான் எங்கன்னு கேக்கறேன்."

"போச்சுன்னா போச்சுதான்டா. போனதை எல்லாம் எங்கன்னு கேக்கறதா இருந்தா, உன் டயர் கடைக்கு வந்த லாபம் எங்கன்னு நான் கேக்கட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாயைத் திறந்து சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

அடுத்தது மச்சினன். விமானத்தை மேஜைமேல் வைத்தான். "இறக்கை ஒட்டியாச்சு. ஒரு தடவைதான் விட்டுப் பாக்க முடியும் போல. மோட்டார் ரெண்டு வச்சிருந்தேன், நேத்து எடுக்கறேன், ஒண்ணுதான் இருக்கு." என்னைப் பார்த்தான். "மாமா, டப்பா உங்க வீட்டுலதானே இருந்துச்சு? வீட்டுல எங்க அக்காகிட்ட கேட்டதுக்குத் தெரியலன்னுடுச்சு."

"எனக்கும் தெரியல மாப்ள. எங்கயாவது உருண்டிருக்கும்."

"மோட்டார் என்ன பட்டாணியா உருண்டு ஓட?"

டெய்லர் அக்கா என் பக்கம் திரும்பினார். அவர்தான் எங்கள் ராக்கெட்டுகளைச் சோதித்து அட்டையில் கையெழுத்துப் போடுகிறவர். பாராசூட் எல்லாம் அவர் தைத்ததுதான். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு என் அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"அஞ்சுன்னுதான் எழுதியிருக்க தம்பி. நான் கேட்டேன், நீயும் அஞ்சுன்னுதான் சொன்ன." அட்டையைத் திருப்பினார். "ஆனா மோட்டாரைச் சுத்தி டேப் ஒட்டிக் கொண்டுவந்துட்ட. தாளை நான் பாக்கல."

மோட்டார் குழலில் ஆடாமல் இருக்க டேப் சுற்றுவோம். வழக்கமாகச் சோதனைக்குப் பிறகுதான் சுற்ற வேண்டும். அன்றைக்கு நேரமாகிவிட்டது என்று நான் வீட்டிலேயே சுற்றிக்கொண்டு போயிருந்தேன்.

அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் ஃபோன் அடித்தது. தெரியாத எண்.

"ஹலோ," என்றது ஒரு ஆண் குரல். மூச்சு வாங்கியது. "மேலேருந்து விழுந்த குழாய் ஒண்ணு. மஞ்சக் கலரு. அது உங்களோடதா?"

என் ராக்கெட் மஞ்சள்.

"ஆமா."

அந்தக் குரல் ஃபோனைத் தள்ளிப் பிடித்தது. பிறகு யாரிடமோ, "கிடைச்சிட்டாரு" என்றது.

"யாருக்காவது ஏதாவது ஆச்சுங்களா?" என்றேன்.

"நேர்ல வாங்க. ஃபோன்ல சொல்ற விஷயமில்ல இது. கால்வாய் தாண்டி புதுக் கட்டடம். கம்பி கட்டறவர் வீடுன்னு கேளுங்க." வைத்துவிட்டார்.

மச்சினனின் மூன்று சக்கர வண்டியில் ஏறினோம். அவன் ஓட்டினான், அக்காவும் நானும் பின்னால் பழைய டயர்கள்மேல் உட்கார்ந்தோம். லிஃப்ட்காரர் கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி நின்றுவிட்டார். பாலம் வரை நான் பொறுத்தேன். பாலத்தில் வண்டி குலுங்கியதும் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அஞ்சு இல்ல அது. மாப்ளையோட மோட்டாரு. திங்கக்கிழமையே தெரியும் எனக்கு."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். "ஆறு நாளாத் தெரியும்."

"ஆமா."

"ஆறு நாளா அங்க ஒரு ஆளு கெடந்து..." முடிக்கவில்லை. "பாவி. கையெழுத்து என்னோடதுடா."

மச்சினனுக்கும் கேட்டிருக்கிறது. அவன் திரும்பாமலே, "பட்டாணின்னு நெனைச்சிட்டாரு" என்றான். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்போம்.

குடியிருப்பு வந்தது. வண்டியை விட்டு இறங்கினேன். கடைசி வீட்டுக்கு வெளியே, மரத்தடியில், சாமான்கள் எல்லாம் கிடந்தன. பாத்திரம், துணி மூட்டை, அடுப்பு, ஒரு தகரப் பெட்டி. ஒரு தார்ப்பாயைக் கிளையில் கட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஏழெட்டுப் பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தலையில் கை வைத்திருந்தார். பார்த்த மாத்திரத்தில் சாவு வீடு என்றுதான் நினைத்தேன். அக்கா என் கையைப் பிடித்தார், வலிக்கிற கையை. நான் விடச் சொல்லவில்லை.

ஒருவர் எழுந்து வந்தார். மெலிந்த உடம்பு, விரல்கள் எல்லாம் கம்பி கிழித்த தழும்பு.

"நீங்களா?"

"நான்தான்."

"அறுபத்திரண்டு பேரு," என்றார்.

"என்னது?" என்றேன்.

"உங்களுக்கு முன்னாடி அறுபத்திரண்டு பேர்கிட்டத் திட்டு வாங்கினேன். நம்பரோட கடைசி ரெண்டு எண்ணு மெத்தைக்குள்ள போயிடுச்சு. சைபர் சைபர்லேருந்து ஆரம்பிச்சேன். வேலை முடிஞ்சு வந்து தெனம் பத்துப் பேரு. மஞ்சக் குழாய் உங்களோடதான்னு கேட்டா எவன் மதிக்கறான்? ஒருத்தன் போலீஸ்ல குடுப்பேன்னான். ஒரு அம்மா, குடிச்சிருக்கியான்னுச்சு."

"யாருக்கு அடிபட்டுச்சு?"

"உள்ள வந்து பாருங்க. ஆனா தொடாதீங்க. வெடிச்சிரும்."

ஒரே அறை. கூரையில் என் தலையளவு ஓட்டை. அதன் வழியாக வெயில் தூண் மாதிரி இறங்கி நின்றது. கீழே இரும்புக் கட்டில், பஞ்சு மெத்தை. மெத்தையின் தலைமாட்டில், தலையணை போடுகிற இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, என் ராக்கெட் நட்டுக்குத்தாக நின்றது. நான்கு வால் இறக்கைகளில் இரண்டு முறிந்திருந்தன. அட்டைக் குழல் அப்படியே இருந்தது. துணிக்கடைக் குழல், உடையாது. என் எண் மேலிருந்து கீழே ஓடி, பஞ்சுக்குள் போயிருந்தது. சுற்றிலும் கூரைத்தூள். சிவப்பாக எங்கேயாவது இருக்கிறதா என்று மெத்தை முழுக்கக் கண்ணால் தேடினேன். இல்லை. கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தேன். இல்லை.

"யாரும் இல்லையா இதுல? அப்ப யாரும் இல்லையா?"

"குழாயடிக்குப் போயிருந்தேன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கதவோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நான் வரும்போது கவனிக்கவில்லை. முப்பது வயது இருக்கலாம். கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல இருந்தது. கண் என்மேல் இல்லை, கூரைமேல் இருந்தது.

"பாட்டில் கழுவற கம்பெனியில ராத்திரி வேலை என் சம்சாரத்துக்கு," என்றார் கம்பி கட்டுகிறவர். "காலையில வந்து இதுலதான் படுப்பா. அன்னிக்கும் படுத்திருந்தா. தண்ணி வந்துடுச்சு, நம்ம குடம் வரிசையில இருக்குன்னு பக்கத்து வீட்டம்மா தட்டி எழுப்பினாங்க. திட்டிக்கிட்டே எழுந்து போனா. குடம் பாதி நெறையல."

நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

"மேஸ்திரிகிட்டச் சொன்னோம். போலீஸ் கீலீஸ்னு போனீங்கன்னா குடிசையைக் காலி பண்ணுங்கன்னாரு. தொடாதீங்க, ஆளு வருவாங்கன்னாரு. யாரும் வரல. நாங்க மரத்தடிக்குப் போயிட்டோம். பக்கத்து ரெண்டு வீடும் போயிட்டாங்க."

"இது வெடிக்காது," என்றேன். "வெடிக்காததுதான் தப்பே."

அவருக்குப் புரியவில்லை. நான் கட்டில்மேல் முழங்காலை ஊன்றி, இடது கையால் குழலைப் பிடித்தேன். வெளியே கூட்டம் பின்னால் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் நகரவில்லை. மெத்தை அதை விட மறுத்தது. வலது கையையும் கொடுத்து இழுத்தேன், தோளில் உயிர் போயிற்று. மூக்கு பஞ்சோடு வந்தது. மெத்தையைத் துளைத்து, கட்டில் தகட்டில் குழி பண்ணியிருந்தது.

வெளியே கொண்டுவந்து எல்லார் முன்னாலும் மூக்கைக் கழற்றினேன். உள்ளே பாராசூட் நான் மடித்து வைத்தபடியே, ஒரு சுருக்கம்கூடக் கலையாமல் இருந்தது. அதை எடுத்து விரித்துக் காட்டினேன்.

"இது மேலயே விரிஞ்சிருக்கணும். விரிஞ்சிருந்தா இலை மாதிரி இறங்கியிருக்கும். விரிய வைக்கற மோட்டாருக்குப் பதிலா வேற மோட்டாரை நான் மாத்திப் போட்டுட்டேன். என் தப்பு. இந்தப் பக்கம் வீடு இருக்குன்னும் பாக்கல. அதுவும் என் தப்பு. தப்புன்னு திங்கக்கிழமையே தெரிஞ்சும் நான் வரல."

சொல்லும்போது ஓங்கி ஒரு அறை விழும் என்று கன்னம் காத்திருந்தது. கம்பி கட்டுகிறவர் பாராசூட் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"திங்கக்கிழமையே வந்திருந்தா," என்றார், "சைபர் அஞ்சோ ஆறோட நிறுத்தியிருப்பேன்."

அந்தப் பெண் கதவோரத்திலிருந்தே கேட்டார். "இத எதுக்கு விடறீங்க?"

பொழுதுபோக்கு என்று சொல்ல வந்தது. அந்தக் கண்ணைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. "ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவு. அது மேல போறப்ப நல்லாயிருக்கும்," என்றேன்.

"கட்டட வேலைச் சத்தம் இல்லாம, எனக்கும் அதுதான் நல்லாத் தூங்கற நாளு," என்றார்.

மதியத்துக்குள் மச்சினன் போய் ஒரு கூரை ஷீட்டும், கொக்கி போல்ட்டும், புது மெத்தையும் வண்டியில் ஏற்றிவந்தான். என் தோளைப் பார்த்துவிட்டு கம்பி கட்டுகிறவரே ஏறினார். நான் கீழிருந்து ஷீட்டைத் தலையில் தாங்கிக் கொடுத்தேன். சிமென்ட் மூட்டைக்குத் தலை பழகியதுதான். உடைந்த ஷீட்டைக் கழற்றி, புதியதை வைத்து, போல்ட்டை முடுக்கினார்கள். அறையில் அந்த வெயில் தூண் மறைந்தது. அக்கா தரையைக் கூட்டி, ஈரத்துணி போட்டுத் துடைத்து, மெத்தையை விரித்தார். ஜனங்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு வீடுகளுக்குத் திரும்பினார்கள். ஒருவர் பாராசூட்டைக் குழந்தைக்குத் தொட்டில் கட்டக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

"கொஞ்சம் படும்மா," என்றார் அக்கா அந்தப் பெண்ணிடம். "ராத்திரி வேலைக்குப் போகணும்ல? நாங்க வெளிய இருக்கோம்."

அவர் படுத்தார். கதவைச் சாத்தினோம். மரத்தடியில் எல்லாரும் மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் உட்கார்ந்தோம். மச்சினன் வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டிருந்தான், அக்கா அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். கம்பி கட்டுகிறவர் தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்: "ஏழு நாளா இமை மூடல. மரத்தடியிலும் படுத்தா வானத்தையே பாக்கறா. வியாழக்கிழமை வேலையில நின்னுக்கிட்டே கண்ணு சொக்கி, பாட்டில் ஓடற பெல்ட்டுல கை போயிருக்கும். பக்கத்துல நின்னவ இழுத்துட்டா. இன்னொரு தடவை இப்படின்னா வேலைக்கு வராதன்னு சொல்லிட்டாங்களாம்."

பெல்ட் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் குடோனில் ஒருவரின் சட்டைக் கையை அது இழுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

பத்து நிமிஷம் இருக்கும். கதவு திறந்தது. அவர் நிலைப்படியில் நின்றார். ஒரு காக்கை புதுக் கூரைமேல் உட்கார, தகடு லேசாக டப்பென்றது. அவர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு வாசலுக்கு வெளியே வந்து நின்றுவிட்டார்.

"முடியல," என்றார். "கண்ணை மூடினா வருது."

"என்ன வருது?" என்றேன்.

"அந்தச் சத்தம். குழாயடியில கேட்டுச்சுல்ல, உய்யின்னு. அது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க போங்க. பஸ்ஸுக்கு நேரமாகுது எனக்கு."

உள்ளே போய்ச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். செருப்பை மாட்டினார். கூரையைப் பார்த்தபடியே பின்பக்கமாக நாலு அடி வைத்து, பிறகு திரும்பி, பஸ் நிற்கும் ரோட்டை நோக்கி நடந்தார். நடையில் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து சமாளித்துக்கொண்டார்.

மச்சினன் வண்டியைக் கிளப்பவா என்று என்னைக் கேட்டான். கொஞ்சம் இருடா என்றேன். அவர் பஸ் ஏறுகிற வரைக்கும் பார்த்தேன். ஷீட் போட்டாயிற்று, மெத்தை வாங்கிக் கொடுத்தாயிற்று. அந்தப் பெண்ணின் ஏழு நாள் தூக்கம் மட்டும் நான் இன்னும் கொடுக்க வேண்டிய பாக்கி.